குறுக்குச் சால்

நாலைந்து வருஷமாக வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்டுபோன ஊருக்கு அந்தக் கார்த்திகையில் ஒருவழியாக மழை வந்தது. வந்ததும் பதவிசாகப் பெய்யத் தெரியாத மழை. இத்தனை வருஷமும் பெய்யாமல் விட்டதை எல்லாம் ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்த்துவிடுவது என்று முடிவு கட்டிக்கொண்டு வந்தது போலிருந்தது. ஊர்ச்சனம் தெருவில் இறங்கி நனைந்து கும்மாளம் போட்டது. வள்ளித்தாய் மட்டும் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பொத்தைக் காட்டுக்கு ஓடினாள்.

கரிவலம்வந்தநல்லூருக்கு மேற்கே, பொத்தை என்று ஊரார் சொல்லுகிற சின்னக் கல்மலையின் கிழக்குச் சரிவில் இருந்தது அவர்கள் உழுகிற மானாவாரிக் காடு. நல்ல செவல் மண். வள்ளித்தாயின் மாமனார் காலத்தில் பொத்தை முழுக்க உடைமரமும் சூரைப் புதரும் மண்டிக் கிடக்கும். பெய்கிற மழை புதரில் விழுந்து, வேரில் தங்கி, நின்று நிதானமாகத்தான் கீழே இறங்கும். உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து பொத்தையை மொட்டை அடித்துவிட்டுப் போனார்கள். சண்டை முடிந்தது, பஸ்ஸுக்குப் பெட்ரோல் வந்தது, பொத்தைக்கு மட்டும் முடி முளைக்கவில்லை. பிறகு மழையே இல்லாமல் போனதால் அதில் என்ன கெடுதல் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அன்றைக்குத் தெரிந்தது. மொட்டைப் பாறையில் விழுந்த தண்ணீர் தங்க இடமில்லாமல் மொத்தமாக இறங்கிக் காட்டுக்குள் நுழைந்தது. மேலேயிருந்து கீழே வரைக்கும் நேர் நேராகக் கிடந்த உழவுச் சால் ஒவ்வொன்றும் அதற்கு வெட்டி வைத்த வாய்க்காலாக இருந்தது. சாலில் இறங்கிய தண்ணீர் அடுத்த சாலை உடைத்துக்கொண்டு அதோடு சேர்ந்தது. சேரச் சேர வேகம் பிடித்து, கீழ்க்கோடியில் இடுப்பளவுக்குப் பள்ளம் பறித்துவிட்டது. அவள் கண்ணெதிரிலேயே பள்ளத்தின் வாய் பொத்துப் பொத்தென்று இடிந்தது. தண்ணீர் கீழே போகப் போக, பள்ளம் மேலே மேலே ஏறி வந்தது. வள்ளித்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். பார்க்க ஆள் இல்லாததால் சீக்கிரமே நிறுத்திவிட்டாள்.

போன மண் மாயமாகிவிடவில்லை. கீழ்க்காட்டுக்காரன் கோமதிநாயகத்தின் நிலத்தில் மெத்தை விரித்த மாதிரி படிந்து கிடந்தது. கோமதிநாயகம், வள்ளித்தாயின் புருஷன் இசக்கிப்பாண்டிக்குச் சித்தப்பா மகன், அவளுக்குக் கொழுந்தன். வாய் நீளமே தவிர மனசு கெட்டவன் இல்லை. அந்தப் பக்கத்தில் மழைத்தண்ணீர் கொண்டுவந்து போட்ட மண், போட்ட இடத்துக்காரனுக்குத்தான் சொந்தம். ஓடிப்போன மாட்டைத் தேடிப் போய்க் கேட்கலாம், ஓடிப்போன மண்ணைக் கேட்கக் கூடாது. கேட்டால் மரியாதை இல்லை. வள்ளித்தாய் கேட்டாள்.

"கொழுந்தனாரே, உங்க காட்டுல கெடக்கது என் மண்ணு."

"வாங்க மயினி. ஏன், மண்ணுல பேரு எழுதியிருக்கா?"

"நெறத்தைப் பாத்தாத் தெரியலையா? உங்க மண்ணு சாம்பப் பூத்த மண்ணு. மேல கெடக்கது செக்கச்செவேர்னு கெடக்கு. கிண்டிப் பாருங்க, எங்க மாமனாரு கெடை போட்ட ஆட்டுப் புழுக்கைகூட ஆம்புடும்."

"அது சரி. தண்ணி கொண்டாந்து போட்டுச்சு. வேண்டாம், எடுத்துட்டுப் போன்னு நான் தண்ணிகிட்டச் சொல்லியிருக்கணுமாக்கும்? நான் என்ன, ராத்திரி வந்து அள்ளிட்டா போனேன்?"

"நீங்க அள்ளல. நான் அள்ளிக்கிடுதேன்."

"எதுல?"

"ஓலைக் கடவப்பெட்டியில."

கோமதிநாயகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மயினி, கோமதியம்மன் கோவில்ல புத்துமண்ணு வாங்க வந்த மாதிரியில்லா கேக்கீங்க! ஒரு உருண்டை பிடிச்சு நெத்தியில பூசிட்டுப் போயிருவீங்களோ? இது காடு தாயி, காடு."

"காடுங்கதாலதான் கேக்கேன். கோவில்னா கும்பிட்டுட்டுப் போயிருப்பேன்."

அவள் முகத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு நின்றுபோனது. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "அள்ளிக்கிடுங்க. ஆனா எனக்கு அடுத்த போகத்துக்கு இடைஞ்சல் இல்லாம, சித்திரைக்குள்ள அள்ளி முடிக்கணும். என் மண்ணுல ஒரு பிடி மேல ஏறிரக் கூடாது."

"உங்க மண்ணு எனக்கெதுக்கு? அதுல எருக்கஞ்செடிதான் மொளைக்கும்."

மாசி பிறந்ததும் ஆரம்பித்தாள். விடியுமுன்னே கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு, சும்மாட்டுத் துணியும் மண்வெட்டியும் கடவப்பெட்டியுமாகப் போய்விடுவாள். வெட்டி, அள்ளி, தலையில் ஏற்றிக்கொண்டு சரிவில் ஏறி, பள்ளத்தில் கொட்டி நிரப்பி, மிச்சத்தைக் காட்டில் பரப்ப வேண்டும். வெறும் கையோடு ஏறும்போது சரிவாகவே தெரியாத காடு, தலையில் மண்ணோடு ஏறும்போது பழனி மலையாக இருந்தது. நேராக ஏறினால் மூச்சு வாங்கியது. இரண்டு நாளில் கால் தானாகவே குறுக்கே குறுக்கே நடக்கப் பழகிக்கொண்டது. குறுக்கே நடந்தால் ஏற்றம் உறைக்கவில்லை. கழுத்து மரத்துப்போகும். உச்சந்தலை காந்தும். வேலிக்கருகில் உட்கார்ந்து கம்பஞ்சோற்றையும் காணப்பயற்றுத் துவையலையும் தின்றுவிட்டு, கையைத் தரையில் துடைத்துக்கொண்டு மறுபடியும் எழுந்துவிடுவாள்.

இசக்கிப்பாண்டி முதலில் பக்கத்திலேயே வரவில்லை. ஊரில் கேலி பேசினார்கள். "அண்ணாச்சி, உங்க வீட்டுல மண்ணைத் திருப்பி ஏத்துதாங்களாமே, அப்ப தண்ணியையும் திருப்பி ஏத்துவாங்களா?" என்று கேட்டார்கள். அவன் முறைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வந்த இடத்தில் பொண்டாட்டி தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு முனகுவதைப் பார்த்தான். மறுநாள் அவனும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தான். அவன் வெட்டிக் கொடுக்க, அவள் சுமந்தாள். அதன் பிறகு ஊர் என்ன பேசியது என்று அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பங்குனியில், மேற்கே மலைமேல் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஊருக்கு வந்தார். வறட்சியில் ஏற்கனவே பல வீடு பூட்டிக் கிடந்தது. இசக்கிப்பாண்டி அவரோடு வெகுநேரம் பேசிவிட்டு வந்து, சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"வாற மழையிலயும் காடு போச்சுன்னா பாறைதான் மிச்சம். பாறையில எதை வெதைக்க? தையில ஆள் கூட்டிட்டுப் போக வருவாராம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலை உண்டாம். ஐப்பசி மழையப் பாத்துட்டுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்."

"அங்க போயி என்ன செய்யணுமாம்?"

"நீ கொழுந்து பறிக்கணும். கூடையில போட்டுச் சுமந்து, சரிவுல ஏறி எறங்கணும்."

"அடுத்தவன் சரிவுல கூடை சுமக்கதுக்கு நான் என் சரிவுலயே சுமந்துட்டுப் போறேன்" என்றாள் வள்ளித்தாய். "நான் வரல. நீங்க வேணும்னா போங்க."

"உன்ன விட்டுட்டு நான் மட்டும் எங்கட்டி போவேன்?"

"அப்ப காட்டைக் காப்பாத்துங்க."

சித்திரை பிறந்தது. முதல் நல்ல நாளில் ஊரோடு பொன்னேர் பூட்டினார்கள். மாட்டைக் குளிப்பாட்டிச் சந்தனம் பூசி, கலப்பைக்கு மஞ்சள் கட்டி, கிழக்குப் பார்த்து நிறுத்தி, உதிக்கிற சூரியனைக் கும்பிட்டுவிட்டு முதல் சால் ஓட்டுவது. அந்த முதல் சால் எந்தப் போக்கில் விழுந்ததோ அதே போக்கில்தான் வருஷம் முழுக்க உழவு. கரிசல் சமவெளியில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் இசக்கிப்பாண்டியின் காடு கிழக்கே சரிந்த காடு. அங்கே சூரியனைப் பார்த்து உழுதால் மேலேயிருந்து கீழேதான் உழ வேண்டும். புதர் இருந்த காலத்தில் அவன் அப்பா உழுதார், ஒன்றும் ஆகவில்லை. அவனும் உழுதான். அவன் சால் நூல் பிடித்த மாதிரி விழும். அதில் அவனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் அல்ல.

"முதல் சாலைக் கெழக்கப் பாத்தே ஓட்டுங்க" என்றாள் வள்ளித்தாய். "மிச்சத்தைக் குறுக்க ஓட்டுங்க. தெக்கயும் வடக்கயுமா, சரிவை மறிச்சு."

"பொன்னேர்ச் சாலுக்குக் குறுக்க உழுதா சாமிய மறிச்ச மாதிரி."

"சாமிய எதுக்கு மறிக்கீங்க, தண்ணிய மறிங்க! போன மழைக்கு ஒவ்வொரு சால் வழியாவும் எறங்கிப் போனதை நான் பாத்தேன். நீங்க பாக்கல."

"நேரா உழுத காட்டைப் பாம்பு போன மாதிரி உழச் சொல்லுதியா? சரிவு ஒரே மட்டமாவா இருக்கு? மேடும் பள்ளமும் வளைஞ்சு வளைஞ்சுல்லா போகுது. மாடும் போகாது, நானும் போக மாட்டேன்."

"அப்ப நான் எதுக்கு இந்த மண்ணை ஏத்தினேன்?"

அவன் மாட்டை அதட்டினான். மேலேயிருந்து கீழே, நேராக, அழகாக, அத்தனை சாலும் விழுந்தது. அவள் சுமந்து பரப்பிய புது மண்ணில் கலப்பையின் கொழு வெண்ணெயில் போவது போலப் போனது. வள்ளித்தாய் வாயில் வந்த வசவையெல்லாம் மாட்டின் மேல் வைத்துத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆனால் சும்மா இருக்கவில்லை. கோடையில் நடுவில் ஒரு மழை விழுந்தது. கொங்காணியோடு போய் மழைக்குள்ளேயே நின்று, தண்ணீர் எங்கே தயங்குகிறது, எங்கே பாய்கிறது என்று பார்த்து, தயங்கிய இடத்திலெல்லாம் ஒவ்வொரு கல்லாகப் போட்டு வைத்தாள். வெயில் வந்ததும் பொத்தையிலிருந்து கல் உருட்டி, வைத்த கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அடுக்கினாள். வேலிக்கு உள்ளே, காட்டின் மேல்கோடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்வரப்பு எழும்பியது. காட்டுக்குள்ளேயும் வளைந்து வளைந்து அடையாளக் கற்கள் கிடந்தன. உழவுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று இசக்கிப்பாண்டி முணுமுணுத்தான். ஆனாலும் ஒரு கல்லைக்கூட எடுத்து எறியவில்லை.

புரட்டாசியில் கம்பும் ஊடே துவரையும் விதைத்தார்கள். ஐப்பசிக் கடைசியில் கம்பு முழங்கால் உயரத்தில் பச்சைப் பசேலென்று நின்றது. நேர்ச்சாலில் நின்ற பயிர் பார்க்கப் பார்க்க அலுக்காது. அப்போதுதான் வானம் மேற்கே திரண்டது.

காலையில் ஒரு மழை அடித்தது. இரண்டு பேரும் காட்டில்தான் நின்றார்கள். மொட்டைப் பாறையில் இறங்கிய தண்ணீர் கல்வரப்பில் வந்து முட்டியது. நின்றது. நுரைத்தது. கல் இடுக்கு வழியாகக் கசிந்து நிதானமாக இறங்கியது. வள்ளித்தாய் கையைத் தட்டப் போனாள். அதற்குள் காட்டுக்குள்ளேயே விழுந்த மழை சாலுக்குள் இறங்க ஆரம்பித்தது. மேலேயிருந்து வந்ததை மறித்தாகிவிட்டது. காட்டின் மேலேயே பெய்ததை என்ன செய்வது? நூல் பிடித்த சால் ஒவ்வொன்றிலும் சிவப்பாக ஒரு ஓடை ஓடியது. பழைய பள்ளத்தின் வாயில் நிரப்பி வைத்திருந்த மண் ஒரு கடவப்பெட்டி அளவு இடிந்து விழுந்தது. பிறகு இன்னொன்று.

இசக்கிப்பாண்டி முதல் முறையாக மழைக்குள் நின்று தன் காட்டைப் பார்த்தான். தன் கையால் போட்ட சாலில் தன் மண் போவதைப் பார்த்தான். வள்ளித்தாய் சொன்னபோது அது வெறும் பேச்சாகத்தான் இருந்தது. இப்போது கம்பின் வேர் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது.

மழை விட்டது. விட்டதுதான், தீரவில்லை. மேற்கே மலை தெரியாத அளவுக்குக் கருத்துக் கிடந்தது. மூக்கில் மண்வாசம் ஏறியது.

"அடுத்தது இதைவிடப் பெருசா வரும்" என்றாள் வள்ளித்தாய்.

அவன் ஊரைப் பார்த்து நடந்தான். வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளப் போகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் கொஞ்ச நேரத்தில் மயிலை மாட்டையும் செவலை மாட்டையும் ஓட்டிக்கொண்டு, தோளில் கலப்பையோடு அவன் திரும்பி வந்தான்.

"என்ன செய்யப் போறீங்க?"

"உழப் போறேன்."

"பயிர் நிக்குதே!"

"பயிர் அடுத்த வருஷமும் நிக்கும். மண்ணு நிக்குமா?" நுகத்தடியை மாட்டின் கழுத்தில் ஏற்றினான். "நீ போட்ட கல்லு எங்கெங்க கெடக்கு?"

வள்ளித்தாய் காட்டினாள். அவன் நடுக்காட்டில், முழங்கால் உயரக் கம்புக்குள் மாட்டைக் குறுக்கே திருப்பிக் கொழுவை அழுத்தினான். பச்சைப் பயிர் வேரோடு புரண்டு மண்ணுக்குள் போனது. பார்க்க மனசு பொறுக்கவில்லை. பத்தடி போவதற்குள் மாடு இரண்டும் நின்றுவிட்டன. பிறந்ததிலிருந்து நேராகவே போய்ப் பழகிய மாடுகள். கல்லுக்குக் கல் வளைந்து போகச் சொன்னால் அவற்றுக்குப் புரியவில்லை. தார்க்குச்சியால் குத்தினான். மயிலை பின்னங்காலை உதைத்தது.

பூட்டிய ஏருக்கு முன்னால் பெண்பிள்ளை நடக்கக் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். விளைச்சல் பட்டுப்போகும் என்பார்கள். இசக்கிப்பாண்டி மாட்டின் பிடிகயிற்றை அவிழ்த்து அவள் பக்கமாக நீட்டினான்.

"இந்தா, பிடி. முன்னால நட."

"நானா?"

"வேற யாருக்குத் தெரியும் இந்த வழி? மண்ணைச் சுமந்து நடந்தவ நீதான. நட."

அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்தாள். மாசியிலும் பங்குனியிலும் தலைச்சுமையோடு நடந்து பழகிய அதே குறுக்குப் போக்கில் நடந்தாள். ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. சரிவை அணைத்துக்கொண்டு வளைந்து வளைந்து நடந்தாள். மாடுகள் இரண்டு தடவை முரண்டு பிடித்துவிட்டு அவள் பின்னாலேயே வந்தன. அவன் மேழிப் பிடியை நெஞ்சால் அழுத்தினான். ஆழமாக ஒரு சால். கொஞ்சம் கீழே இறங்கி இன்னொரு சால். திரும்பித் திரும்பிப் போட்டார்கள். சேறு கணுக்காலைப் பிடித்தது. கம்பந்தட்டை காலைக் கீறியது. நூல் பிடித்த காட்டில், குடிகாரன் நடந்து போன மாதிரி கோடு விழுந்துகொண்டே வந்தது.

கீழே கோமதிநாயகம் தன் வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். மேலேயிருந்து வரும் வண்டலை உள்ளே விடலாம் என்று வாய்மடையை வெட்டி வைத்திருந்தான்.

"அண்ணாச்சி! என்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? நிக்கிற பயிரைப் போயி உழுதீங்களே!"

"ஏலே கோமதி, வாயைப் பொத்திட்டு நில்லு!"

"மயினி, நீங்களாவது சொல்லுங்க!"

"நான்தான் முன்னால போறேன், தெரியலையா?" என்று அவள் கத்தினாள்.

கீழ்ப்பாதிக் காடு முடியப் போகிற நேரத்தில் இரண்டாவது மழை பிடித்தது. பிடித்தது என்றால், எதிரில் இருக்கிற மாட்டின் வால் தெரியவில்லை. மாட்டை அவிழ்த்துவிடலாம் என்று அவள் திரும்பினாள். அவன் தலையை ஆட்டினான். மழைக்குள்ளேயே இன்னும் ஒரு சாலை முடித்தார்கள். பிறகு மேழியை விட்டுவிட்டு நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவளும் உட்கார்ந்தாள்.

தண்ணீர் வந்தது. நேர்ச்சாலில் வேகமாக இறங்கி வந்தது முதல் குறுக்குச் சாலில் விழுந்தது. விழுந்து, இடமும் வலமும் பரவி, நின்றது. நிரம்பியது. நிரம்பி வழிந்து மெதுவாக அடுத்த சாலில் இறங்கியது. அங்கேயும் நின்றது. ஒரு இடத்தில் உடைத்துக்கொண்டது. இசக்கிப்பாண்டி பாய்ந்து போய், உழுது புரட்டிய கம்புப் பயிரை அள்ளி உடைப்பில் திணித்து, மேலே மண்ணை வெட்டிப் போட்டு மிதித்தான். வள்ளித்தாய் அடுத்த உடைப்புக்கு ஓடினாள். இப்படியே இரண்டு பேரும் காட்டில் குறுக்கும் நெடுக்குமாக ஓடினார்கள். எத்தனை நேரம் என்று இருவருக்குமே தெரியாது.

மழை தூறலாக இளைத்தபோது கீழேயிருந்து சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி! மயினி! இங்கன வந்து பாருங்க!"

பள்ளம் மறுபடியும் மேலே ஏறி வந்துவிட்டதோ என்று பதறி அடித்துக்கொண்டு இறங்கினார்கள். கோமதிநாயகம் வாய்மடையில் குத்தவைத்திருந்தான். இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி அவர்கள் பக்கம் நீட்டினான். உள்ளங்கை ரேகை தெரிந்தது.

"தண்ணி வெளுத்து வருது. ஒரு பொடி மண்ணு வரல" என்றான். சந்தோஷமா வருத்தமா என்று அவனுக்கே தெரியாத குரலில் சொன்னான். "நான் மடையெல்லாம் வெட்டி வச்சிட்டு ஏமாந்து நிக்கேன்."

பழைய பள்ளத்தின் வாய் அதே இடத்தில் இருந்தது. காலையில் இடிந்தது இடிந்ததுதான். அதற்கு மேல் ஏறவில்லை. வள்ளித்தாய் அந்த விளிம்பில் உட்கார்ந்து கையை வைத்துப் பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இந்தத் தடவை பார்க்க ஆள் இருந்தும் நிறுத்தவில்லை.

"நேர்ச் சால்தான் நம்ம மண்ணைக் கொண்டுபோச்சு" என்றான் இசக்கிப்பாண்டி. "நாந்தான் வழி வெட்டிக் குடுத்திருக்கேன்."

சித்திரையிலிருந்து அவள் அடக்கி வைத்திருந்த பதில்கள் எத்தனையோ இருந்தன. ஆனால் அவள் அவன் முகத்தில் ஒட்டியிருந்த சேற்றை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"பாதிப் பயிர் போச்சே மயினி, தை வரைக்கும் எதைச் சாப்பிடுவீங்க?" என்று கோமதிநாயகம் கேட்டான்.

"மிச்சப் பாதியை. அதுக்கு மேல பசிச்சா உங்க வீட்டுக்கு வாறோம்."

"அப்ப அந்தக் கங்காணி வந்தார்னா?"

இசக்கிப்பாண்டி எழுந்தான். மேலே, மழையில் நனைந்து நின்ற மாடுகளைப் பார்த்தான். உழாமல் விட்ட மேல்பாதிக் காட்டையும் பார்த்தான்.

"வந்தா, இங்க மண்ணு சுமக்க ஆள் பத்தலன்னு சொல்லு. அவருகிட்ட ஒரு கடவப்பெட்டியக் குடு" என்றான். பிறகு பொண்டாட்டி பக்கம் திரும்பினான். "ஏட்டி, எந்திரி. வெளிச்சம் இருக்கும்போதே மிச்சத்தையும் ஓட்டிருவோம். கயித்தைப் பிடி."